காதுகேளாதோர் வரலாறும் வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்தவன் நான். எனக்குக் காது கேட்கும். முதலில் கற்றது சைகை மொழி. பேச்சு அதன் பிறகுதான் வந்தது. இப்போது சைகை மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் யாராவது தயங்கியபடி அருகில் வந்து ஒரு சந்தேகம் கேட்பார். அடுத்த கூட்டத்தில் வேறொருவர் அதையே கேட்பார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

செவிடு, ஊமை என்று சொல்லக் கூடாது என்கிறார்களே, வேறு எப்படிச் சொல்வது?

காதுகேளாதவர் என்று சொன்னால் போதும். 'ஊமை' என்பது வசை மட்டுமல்ல, தவறான தகவலும்கூட. காதுகேளாதவர்களில் பெரும்பாலானோரின் குரல்வளையில் எந்தக் கோளாறும் இல்லை. வாய்விட்டுச் சிரிப்பார்கள், பிள்ளைகளைக் குரல் கொடுத்து அழைப்பார்கள். அரசு ஆவணங்களில் வரும் 'செவித்திறன் குறைபாடுடையவர்' என்பதைச் சிலர் ஏற்கிறார்கள், சிலர் விரும்புவதில்லை. எதிரில் நிற்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ, அப்படியே நீங்களும் சொல்லுங்கள்.

காது கேட்காதது ஓர் உடல் குறைபாடு. அதற்கு எதற்குப் பண்பாடு, வரலாறு எல்லாம்?

முதுமையில் காது மந்தமாகிறவருக்கு அது உடல்நலப் பிரச்சினைதான். ஏற்கெனவே இருந்த ஒன்றை அவர் இழக்கிறார். பிறவியிலேயோ சிறுவயதிலேயோ காது கேளாமல் போய், சைகை மொழியில் வளர்ந்தவரின் நிலை வேறு. உலகத்தைக் கண்ணால் அறிந்து, கையால் பேசி வளர்ந்தவர் அவர். அந்த மொழியில் கதை உண்டு, கேலி உண்டு, சண்டை உண்டு, காதலும் உண்டு. ஒரு மொழியைச் சுற்றி மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடி வாழ்ந்தால் அங்கே பண்பாடு தானே உருவாகிவிடும்.

இதில் ஒரு தனித்தன்மையைக் கவனிக்க வேண்டும். காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். எனவே மொழியும் வழக்கங்களும் அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது அரிது. பள்ளியிலும் விடுதியிலும் மூத்த மாணவர்களிடமிருந்து இளையவர்களுக்கு வருகின்றன. காதுகேளாதோர் கூடும் இடம் இருக்கும்வரை மொழி வாழ்கிறது. அவர்களைப் பிரித்துவைத்தால் மெலிகிறது. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

சைகை மொழி உலகம் முழுவதும் ஒன்றுதானே?

இல்லை. உலகக் காதுகேளாதோர் கூட்டமைப்பின் கணக்குப்படி 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருக்கின்றன. பேச்சு மொழிகளின் எல்லைகளை அவை பின்பற்றுவதில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேச்சு ஆங்கிலம்தான். ஆனால் பிரிட்டிஷ் சைகை மொழி தெரிந்தவருக்கு அமெரிக்க சைகை மொழி புரியாது. பிரிட்டனில் எழுத்துகளை இரண்டு கைகளால் காட்டுவார்கள், அமெரிக்காவில் ஒரே கையால். அமெரிக்க சைகை மொழிக்கு நெருங்கிய உறவு பிரெஞ்சு சைகை மொழியோடுதான். காரணம் ஒரு கப்பல் பயணம். அது பின்னால் வருகிறது. இந்தியாவில் புழங்கும் இந்திய சைகை மொழி இவை இரண்டிலிருந்தும் வேறானது.

வெறும் கை அசைவுக்கு இலக்கணம் ஏது?

'அண்ணன் தங்கைக்குப் புத்தகம் கொடுத்தான்' என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பல சைகை மொழிகளில் முதலில் அண்ணனைக் குறிப்பிட்டு உடலுக்கு இடப்பக்கம் ஓர் இடத்தைச் சுட்டுவார்கள். தங்கையைக் குறிப்பிட்டு வலப்பக்கம் ஓர் இடம். பிறகு 'கொடு' என்ற சைகை இடமிருந்து வலமாக நகரும். அதே சைகை வலமிருந்து இடமாக நகர்ந்தால் கொடுத்தவள் தங்கை. நமக்கு வேற்றுமை உருபு செய்கிற வேலையை அங்கே திசை செய்கிறது. புருவத்தை உயர்த்தினால் வாக்கியம் கேள்வியாகிவிடும். தலையை இருபுறமும் அசைத்தால் மறுப்பாகிவிடும். முகம் இறுகிப்போயிருக்கும் ஒருவரின் சைகை, உருபுகளும் விகுதிகளும் உதிர்ந்த பேச்சாகத்தான் தெரியும்.

காதுகேளாதோருக்கு எப்போதும் தெரிந்திருந்த இதை அறிஞர் உலகம் ஏற்க 1960 வரை ஆனது. வாஷிங்டனில் காதுகேளாதோருக்காக நடந்த காலடெட் கல்லூரியில் (இன்றைய காலடெட் பல்கலைக்கழகம்) ஆங்கிலம் கற்பிக்க வந்த வில்லியம் ஸ்டோக்கி, மாணவர்களின் சைகைகளை ஆராய்ந்து, ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், இடம், அசைவு ஆகிய சிறு கூறுகளால் ஆனது என்று காட்டினார். ஒரு கூறு மாறினால் பொருள் மாறிவிடும். 1965-ல் அவர் வெளியிட்ட அகராதியில் டோரதி காஸ்டர்லைன், கார்ல் குரோன்பெர்க் என்ற காதுகேளாத ஆய்வாளர்கள் இருவர் உடனுழைத்தார்கள். பிற்கால மூளை ஆய்வுகளும் இதை உறுதிசெய்தன. பக்கவாதத்தால் மூளையின் இடப்பாதி பாதிக்கப்பட்டால் நமக்குப் பேச்சு குழறுவது போலவே அவர்களுக்குச் சைகை குழறுகிறது.

சைகை மொழியைக் கண்டுபிடித்தவர் யார்?

பாரிஸ் பாதிரியார் ஷார்ல் மிஷெல் த லெப்பே என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அவர் கண்டுபிடிக்கவில்லை. 1760-ஐ ஒட்டி, ஏழைப் பிள்ளைகளும் இலவசமாகப் படிக்கக்கூடிய பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மாணவர்களின் சைகைகளைத் தானும் கற்று, அவற்றில் பிரெஞ்சு இலக்கணத்தை ஒட்டவைத்துப் பாடம் நடத்தினார். ஆசிரியர் மாணவனின் மொழிக்கு இறங்கி வந்ததுதான் அவருடைய பெருமை. அது சிறிய பெருமையல்ல.

அவருக்கு முன்பே பாரிஸ் நகரத்துக் காதுகேளாதோர் தங்களுக்குள் சைகையில் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்குச் சாட்சி பியர் தெலோஜ். சிறுவயதில் பெரியம்மை கண்டு காது கேளாமல் போனவர், புத்தகம் தைக்கும் தொழிலாளி. 1779-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். காதுகேளாத ஒருவர் எழுதி வெளிவந்தவற்றில் நமக்குத் தெரிந்து அதுவே முதல் நூல். பள்ளிக்கே போகாத தன் நண்பர்கள்கூடச் சைகையில் எல்லாச் செய்திகளையும் பேசுகிறார்கள் என்று அதில் எழுதினார்.

மொழி பிறப்பதைக் கண்ணெதிரே பார்த்த இடம் நிகராகுவா. 1970-களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் தலைநகர் மனாகுவாவின் பள்ளிகளில் காதுகேளாத பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் முதல்முறையாக ஒன்றுசேர்ந்தார்கள். வகுப்பில் உதட்டசைவும் ஸ்பானியமும் கற்பிக்கப்பட்டன. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பஸ்ஸிலும் தங்கள் வீட்டுச் சைகைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்தடுத்து வந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் அதற்கு இலக்கணத்தைச் சேர்த்தார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலே ஒரு முழு மொழி உருவாகியிருந்தது.

பள்ளிகள் வருவதற்கு முன் காதுகேளாதவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

ஏட்டில் இருப்பது பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியது. பிறவியிலேயே காது கேளாதவர்கள் பேச்சற்றவர்களாகவும் இருக்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து 'அவர்களுக்குக் கல்வி வராது' என்ற முடிவுக்குத் தாவினார்கள். 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசரின் சட்டத் தொகுப்பு, பிறவியிலேயே கேட்கவும் பேசவும் இயலாதவர்களுக்கு உயில் எழுதும் உரிமையை மறுத்தது. எழுதத் தெரிந்திருந்து பிறகு காது கேளாமல் போனவருக்கு அந்த உரிமை இருந்தது.

சொத்துரிமைக்கும் எழுத்தறிவுக்கும் உள்ள இந்த முடிச்சு, கல்வி தொடங்கிய கதையைப் புரிந்துகொள்ள உதவும். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பிரபுக் குடும்பங்களின் காதுகேளாத வாரிசுகளுக்குப் படிப்பு தேவைப்பட்டது. ஒன்யா மடத்துத் துறவி பெத்ரோ போன்ஸ தெ லியோன் அவர்களுக்குக் கற்பித்தார். மௌன விரதம் காக்கும் துறவிகளிடம் அன்றாடத் தேவைகளுக்கான சைகைகள் முன்பே இருந்தன. 1620-ல் ஹுவான் பாப்லோ பொனெத் எழுத்துகளைக் கைவிரல்களால் காட்டும் சைகைகளின் படங்களோடு ஒரு நூலை அச்சிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் உதுமானியச் சுல்தான்களின் அரண்மனையில் காதுகேளாத பணியாளர்கள் பலர் இருந்தார்கள். சுல்தானின் முன்னிலையில் வாய்ப்பேச்சு மரியாதைக் குறைவு என்று கருதப்பட்டதால், அவர்களின் சைகை மொழியை அரண்மனையினரும் கற்றுக்கொண்டார்கள்.

ஊர் முழுவதும் சைகை மொழி பேசிய இடம் ஒன்று இருந்ததாமே, உண்மையா?

உண்மை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கடலோரத்தில் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து குடியேறிய குடும்பங்களில் பரம்பரையாகக் காது கேளாமை இருந்தது. உறவுக்குள்ளேயே மணம் நடந்ததால் அது தலைமுறைகளாகத் தொடர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சில்மார்க் என்ற ஊரில் 25 பேரில் ஒருவருக்குக் காது கேளாது. அதனால் அங்கே எல்லோரும் சைகை மொழி கற்று வளர்ந்தார்கள். படகுக்குப் படகு மீனவர்கள் சைகையில் பேசிக்கொண்டார்கள். காதுகேளாதவர்களும் மற்றவர்களைப் போலவே மணம் செய்தார்கள், ஊர்ப் பதவி வகித்தார்கள். அந்த மரபில் கடைசிக் காதுகேளாதவர் 1952-ல் காலமானார்.

பாலியின் பெங்கலா கிராமத்திலும், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அல்-சயித் பெதுவின் மக்களிடையிலும் இத்தகைய ஊர் மொழிகள் இருக்கின்றன. சில்மார்க்கிலும் காது கேட்கவில்லை, மற்ற ஊர்களிலும் கேட்கவில்லை; வாழ்க்கை மட்டும் ஏன் அவ்வளவு வேறாக இருந்தது என்று 'இது குறைபாடுதானே' என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பதுண்டு.

பிரெஞ்சுச் சைகை மொழி அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?

1815-ல் தாமஸ் காலடெட் என்ற இளம் பாதிரியார், பக்கத்து வீட்டுக் காதுகேளாத சிறுமி ஆலிஸ் காக்ஸ்வெல்லுக்குக் கல்வி தரும் வழி தேடி ஐரோப்பா சென்றார். பாரிஸில் த லெப்பே தொடங்கிய பள்ளியில் லோரான் கிளெர்க் என்ற காதுகேளாத ஆசிரியர் இருந்தார். 1816-ல் இருவரும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். 52 நாள் கடற்பயணத்தில் கிளெர்க் காலடெட்டுக்குச் சைகை கற்பித்தார்; காலடெட் கிளெர்க்குக்கு ஆங்கிலம் கற்பித்தார். கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் 1817 ஏப்ரலில் பள்ளி திறந்தது. மார்த்தாஸ் வின்யார்ட் பிள்ளைகளும் பின்னர் அங்கே படிக்க வந்தார்கள். பிரெஞ்சுச் சைகையும் உள்ளூர்ச் சைகைகளும் கலந்து அமெரிக்க சைகை மொழி பிறந்தது.

தாய்நாட்டை விட்டு, கேட்டறியாத மொழியை எழுத்தில் கற்று, ஒரு தேசத்தின் ஆசிரியர்களை உருவாக்கியவர் கிளெர்க். பாடநூல்களில் காலடெட்டின் பெயரே பெரிதாக இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மிலன் மாநாடு என்றால் காதுகேளாதவர்கள் இன்னும் கோபப்படுகிறார்களே, அங்கே என்ன நடந்தது?

1880 செப்டம்பரில் காதுகேளாதோர் கல்வி குறித்த பன்னாட்டு மாநாடு இத்தாலியின் மிலன் நகரில் கூடியது. பிரதிநிதிகள் 164 பேர். அவர்களில் காதுகேளாதவர் ஒரே ஒருவர். சைகையைவிட வாய்ப்பேச்சு மேலானது, பள்ளிகளில் பேச்சு முறையையே பின்பற்ற வேண்டும் என்ற தீர்மானம் 160-க்கு 4 என்ற கணக்கில் நிறைவேறியது.

தொடர்ந்து உலகின் பல நாடுகளில் பள்ளிகள் சைகையைத் தடை செய்தன. பிள்ளைகளின் கைகளைக் கட்டினார்கள், அடித்தார்கள், கையின் மேல் உட்காரச் சொன்னார்கள். ஓர் ஒலியை உச்சரிக்க மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். கணக்கும் வரலாறும் அறிவியலும் பின்னுக்குப் போயின. காதுகேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அமெரிக்காவில் 1870-ல் இத்தகைய பள்ளிகளின் ஆசிரியர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் காதுகேளாதவர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அது 15 சதவீதத்துக்கும் கீழே போனது. பிள்ளைக்கு முன்மாதிரியாக நிற்க ஒரு காதுகேளாத பெரியவர்கூட இல்லாமல் போனார். அடிகளைவிட இதுதான் பெரிய இழப்பு என்பது என் எண்ணம். 2010-ல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை, மிலன் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள்.

தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல் காதுகேளாதோருக்கு உதவியவர்தானே?

அவர் காதுகேளாதோருக்குக் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாய்க்கும் மனைவிக்கும் காது கேளாது. அவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1883-ல் வெளியிட்ட கட்டுரையில், காதுகேளாதோர் தங்களுக்குள் மணம் செய்துகொள்வதால் மனிதகுலத்தில் காதுகேளாத ஒரு வகையே உருவாகிவிடும் என்று எச்சரித்தார். அவர்கள் ஒன்றுகூடும் தனிப் பள்ளிகளையும் சைகை மொழியையும் காதுகேளாத ஆசிரியர்களையும் குறைக்க வேண்டும் என்றார். தன் புகழையும் பணத்தையும் பேச்சு முறைக்காகச் செலவிட்டார்.

அவருடைய தொலைபேசி, காதுகேளாதவர்களைப் பல வேலைகளிலிருந்து வெளியே நிறுத்தியது. 1964-ல் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காதுகேளாத இயற்பியலாளர், தட்டச்சுப் பொறியைத் தொலைபேசி இணைப்போடு பொருத்த வழி கண்ட பிறகுதான் அந்தக் கம்பி அவர்களுக்கும் பயன்பட்டது. திரைப்படத்திலும் இதே கதைதான். ஊமைப் படங்களில் உரையாடல் எழுத்தாகத் திரையில் வந்தது. 1920-களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது எழுத்து மறைந்தது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஒரே வீச்சில் வெளியேற்றப்பட்டார்கள்.

இவ்வளவு தடைக்குப் பிறகும் சைகை மொழி எப்படிப் பிழைத்தது?

வகுப்பில் தடை, விடுதியில் இரவு விளக்கின் கீழே மொழி. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் மொழி. காதுகேளாத பெற்றோரின் பிள்ளைகளே அங்கே மற்றவர்களுக்கு ஆசான்கள். வெளியே வந்தால் சங்கங்கள் இருந்தன. பாரிஸில் 1834-ல் ஃபெர்தினான் பெர்த்தியே என்ற காதுகேளாத ஆசிரியர் தொடங்கிய ஆண்டு விருந்துகள் அவற்றுக்கு முன்னோடி. பல பள்ளிகளில் அச்சுத் தொழில் கற்பித்தார்கள். அச்சு இயந்திரங்களின் இரைச்சல் இவர்களைத் தொல்லை செய்யாது. நாளிதழ் அச்சகங்களில் காதுகேளாத அச்சுக்கோப்பவர்கள் நிறைய இருந்தார்கள். பள்ளிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட சிறு பத்திரிகைகள் ஊர் ஊராகச் செய்தி சுமந்தன.

1913-ல் அமெரிக்கக் காதுகேளாதோர் தேசிய சங்கத்தின் ஜார்ஜ் வெடிட்ஸ், தங்கள் மொழியைக் காப்பாற்றுங்கள் என்று சைகையிலேயே ஆற்றிய உரையைப் படச்சுருளில் பதிவு செய்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய கைகள் பேசுவதை இன்றைய மாணவர்கள் நேரடியாகப் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில், நிறவெறியால் ஒதுக்கப்பட்ட கறுப்பினக் காதுகேளாதோர் பள்ளிகளில் பேச்சு முறை அவ்வளவாகத் திணிக்கப்படவில்லை. அதனால் பழைய சைகை வடிவங்கள் சில அங்கே நீண்ட காலம் நிலைத்தன.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்களே, அது போதாதா?

கண்ணாடி முன் நின்று 'பணம்' என்றும் 'மணம்' என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரி அசையும். 'படி', 'மடி' அப்படித்தான். க, ங போன்றவை வாயின் உட்புறத்தில் பிறப்பதால் கண்ணுக்கே தெரியாது. உதட்டைப் படிப்பவர் பாதிக்கு மேல் ஊகிக்கிறார். எதிரில் இருப்பவர் தலையைத் திருப்பினாலோ, மீசை மறைத்தாலோ, இரண்டு பேர் சேர்ந்து பேசினாலோ நூல் அறுந்துவிடும். மொழி ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவருக்கே ஊகம் கைகொடுக்கும். பிள்ளைக்கு மொழியையே இந்த வழியில் கற்றுக்கொடுக்க நினைத்தது மிலன் வழிவந்த பள்ளிகளின் அடிப்படைத் தவறு.

குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் வேளையில் இதைப் பார்க்கலாம். யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள். காதுகேளாதவர் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொட்டு 'என்ன?' என்று கேட்கிறார். 'ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்' என்கிறார் அவர். அந்த அப்புறம் வருவதில்லை. நான் அறிந்த காதுகேளாதவர் ஒவ்வொருவருக்கும் வீட்டில் கேட்டுக் கேட்டு மரத்துப்போன வாக்கியம் அது.

எழுதிக் காட்டினால் புரிந்துவிடாதா?

நன்றாகப் படித்தவருக்குப் புரியும். ஆனால் ஒலியைக் கேட்டறியாதவருக்கு எழுத்து மொழி என்பது இரண்டாவது மொழி. தெரிந்த மொழி ஒன்றின் வழியாகத்தான் இரண்டாவதைக் கற்க முடியும். சிறுவயதில் எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காத பிள்ளைக்கு எழுத்தும் கடினமாகவே இருக்கும். அதை அறிவுக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் ஒரு தாளை நீட்டி 'படித்துக்கொள்ளுங்கள்' என்பது பலருக்குப் பதிலே ஆகாது.

சைகை கற்றுக்கொடுத்தால் குழந்தைக்குப் பேச்சு வராமல் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. பயம் புரிகிறது. ஆனால் சைகை பேச்சைத் தடுப்பதில்லை. ஒரு மொழி உறுதியாக இருந்தால் அடுத்தது எளிதாகும். சைகை புழங்கும் வீட்டில் காதுகேளாத குழந்தை கைவிரல்களால் மழலை பேசுகிறது. காது கேட்கும் குழந்தை வாயால் மழலை பேசும் அதே மாதங்களில். மூளைக்குத் தேவை மொழி. அது காது வழி வந்ததா, கண் வழி வந்ததா என்று அது பார்ப்பதில்லை. ஆனால் முதல் சில ஆண்டுகள் மொழியே இல்லாமல் கழிந்தால் பிற்காலத்தில் அதை ஈடுகட்டுவது மிகக் கடினம்.

காக்ளியர் இம்ப்ளான்ட் வந்துவிட்டதே, இனியும் சைகை மொழி எதற்கு?

இந்தக் கருவி, காதின் உட்சுருளில் வைக்கப்படும் மின்முனைகள் மூலம் செவிநரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. அமெரிக்காவில் 1984-ல் பெரியவர்களுக்கும் 1990-ல் குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்தது. பல பிள்ளைகளுக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. அதை மறுப்பதில் நியாயமில்லை. எல்லோருக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீண்ட பயிற்சி வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளிப்பாகத்தைக் கழற்றிவைத்தால் அவர் காதுகேளாதவரே.

காதுகேளாதோர் சமூகத்தில் ஒரு காலத்தில் கடும் எதிர்ப்பு இருந்தது. மிலன் முடிவைப் போல, தங்களைக் கேட்காமல் தங்கள் பிள்ளைகளைப் பற்றி எடுக்கப்பட்ட முடிவாகவே பலர் இதைப் பார்த்தார்கள். இன்று கருவி அணிந்துகொண்டே சைகை பேசும் இளைஞர்கள் ஏராளம். பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கருவி வைக்கலாமா என்பது உங்கள் முடிவு, அதற்காகச் சைகையை மறுக்காதீர்கள். கருவி பலன் தருமா என்று தெரிய ஆண்டுகள் ஆகும். முந்தைய பதிலில் சொன்ன முதல் சில ஆண்டுகள் அதுவரை காத்திருக்காது.

பீத்தோவன் காதுகேளாமலே சாதித்தாரே, அவரை ஏன் காதுகேளாதோர் கொண்டாடுவதில்லை?

இசைக் கலைஞராக வளர்ந்த பிறகு செவியை இழந்தவர் அவர். காது கேட்பவர்களின் உலகத்திலேயே வாழ்ந்தார். சைகை மொழியோடு அவருக்கு உறவில்லை. இரண்டாவது கேள்விக்குச் சொன்ன வேறுபாடுதான் இது.

காதுகேளாதோர் வரலாற்றில் பெருமையோடு சொல்லப்படும் பெயர்கள் வேறு. வானியலாளர் ஜான் குட்ரிக் குழந்தையிலேயே செவியை இழந்தவர். ஆல்கோல் என்ற விண்மீனின் ஒளி சீரான கால இடைவெளியில் மங்குவதைக் கவனித்து, அதற்குக் காரணம் அதைச் சுற்றும் இன்னொரு பொருளாக இருக்கலாம் என்றார். 1783-ல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் கோப்லி பதக்கம் பெற்றார். 21 வயதில் மறைந்தார். இளமையில் செவியை இழந்த ஜான் கார்ன்ஃபோர்த் 1975-ல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

1988-ல் ஒரு பல்கலைக்கழகத்தையே மூடிவிட்டார்கள் என்கிறார்களே?

லிங்கன் 1864-ல் கையெழுத்திட்டு உருவான காலடெட் பல்கலைக்கழகம், காதுகேளாதோருக்கான உயர்கல்வி நிறுவனம். 124 ஆண்டுகளில் காதுகேளாத ஒருவர்கூட அதன் தலைவராக இருந்ததில்லை. 1988 மார்ச்சில் தகுதியுள்ள காதுகேளாத வேட்பாளர்கள் இருந்தும், சைகை மொழி அறியாத ஒருவரை ஆட்சிக் குழு தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வாயில்களை அடைத்து வளாகத்தை மூடினார்கள். காதுகேளாத தலைவர் வேண்டும், ஆட்சிக் குழுத் தலைவர் விலக வேண்டும், குழுவில் 51 சதவீதம் காதுகேளாதோர் இருக்க வேண்டும், போராடியவர்களைத் தண்டிக்கக் கூடாது என்பவை நான்கு கோரிக்கைகள். ஒரே வாரத்தில் நான்கும் நிறைவேறின. ஐ. கிங் ஜோர்டன் முதல் காதுகேளாத தலைவரானார். மிலனில் 164 பேரில் ஒருவராக இருந்த நிலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவர்களின் அன்றாட வழக்கங்கள் எப்படி வேறுபடும்?

கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தட்டுவார்கள், காற்றில் கையசைப்பார்கள், விளக்கை அணைத்து ஏற்றுவார்கள், மரத்தரையானால் காலால் தட்டி அதிர்வை அனுப்புவார்கள். கைதட்டலுக்குப் பதில் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டுவார்கள். எல்லோர் கையும் தெரிய வேண்டும் என்பதால் வட்டமாக உட்காருவார்கள். விடைபெறுவது நீண்டுகொண்டே போகும். வாசலில் நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். தொலைபேசியில் பேசிக்கொள்ள முடியாத காலத்தில் அடுத்த சந்திப்பு எப்போது என்று தெரியாதல்லவா? ஒவ்வொருவருக்கும் சைகைப் பெயர் உண்டு. அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது. அவர்கள் நம்மைப் பார்த்துப் பழகி வைப்பார்கள்.

நேரடியாகப் பேசுவார்கள். 'குண்டாகிவிட்டாய்' என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதில் குத்தல் இல்லை. 1924-ல் பாரிஸில் தொடங்கிய அவர்களின் உலக விளையாட்டுப் போட்டிதான் இன்றைய டெஃப்லிம்பிக்ஸ். ஓட்டம் தொடங்குவதற்கு அங்கே விளக்கு ஒளிரும். எல்லோரும் சமம் என்பதற்காகப் போட்டியின்போது செவித்துணைக் கருவி அணிய அனுமதி இல்லை.

மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போது யாரைப் பார்த்துப் பேச வேண்டும்?

காதுகேளாதவரைப் பார்த்து. 'அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்' என்று என்னிடம் சொல்லாதீர்கள். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று அவரிடம் கேளுங்கள். அவருடைய வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவின் நோய் விவரத்தை மருத்துவர் வாயிலிருந்து கேட்டு அம்மாவுக்குச் சொல்லும் சுமை எந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம். அந்தச் சுமையைச் சுமந்தவன் சொல்கிறேன்.

தகுதியைக் கேட்டறியுங்கள். 2013-ல் நெல்சன் மண்டேலா அஞ்சலிக் கூட்டத்தில் மேடையில் நின்றவர் காட்டியது பொருளற்ற கையசைவு. அதை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. காதுகேளாதவர்கள்தான் உடனே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதே தென்னாப்பிரிக்கா 2023-ல் சைகை மொழியைத் தன் 12-ஆவது ஆட்சி மொழியாக்கியது.

காதுகேளாத தம்பதியர் தங்களுக்குக் காதுகேளாத குழந்தையே பிறக்க வேண்டும் என்று விரும்புவது சரியா?

இந்தக் கேள்வியைச் சிலர் கோபத்தோடு கேட்கிறார்கள். முதலில் இதன் மறுபக்கத்தைச் சொல்கிறேன். 1933-ல் ஜெர்மனியின் நாஜி அரசு இயற்றிய சட்டம், பரம்பரைக் காதுகேளாமை உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வழிவகுத்தது. ஆயிரக்கணக்கானோர் அதற்கு ஆளானார்கள். சில பள்ளி ஆசிரியர்களே மாணவர்களின் பெயர்களைக் கொடுத்தார்கள். தங்களைப் போன்றவர்கள் பிறக்கவே கூடாது என்று ஓர் அரசு முடிவெடுத்ததை நினைவில் வைத்திருக்கும் மக்கள் இவர்கள்.

தன் மொழியைப் பேசும் பிள்ளை வேண்டும் என்ற ஆசை எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. ஆசைப்படுவது வேறு, மரபணுச் சோதனை வைத்துத் தேர்ந்தெடுப்பது வேறு. இரண்டாவதில் காதுகேளாதோரிடையிலேயே ஒருமித்த கருத்து இல்லை. எந்தப் பக்கமும் தேர்வு வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. காதுகேளாத கருவைத் தவிர்க்கும் தேர்வையும் இதில் சேர்த்தே சொல்கிறேன். அதைப் பற்றி யாரும் கோபத்தோடு கேட்பதில்லை.

சைகை மொழி கற்க ஆசை. எங்கே தொடங்குவது?

காதுகேளாத ஆசிரியரிடம். காது கேட்பவர் நடத்தும் காணொளிகளைப் பார்த்துச் சொற்களை மனப்பாடம் செய்யலாம். நான்காவது கேள்விக்குச் சொன்ன திசையும் முகமும் அதில் வராது. வகுப்பில் வாய்ப்பேச்சை நிறுத்திவிடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் சைகை சிதையும். சில மாதங்களில் அவர்கள் கூடும் இடத்துக்குப் போகத் தொடங்குங்கள். புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டாமல், மறுபடி காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் காட்டுவார்கள்.